உள்ளே விட்ட துணி

கடையில் வாங்கும் பிளேசர் யாருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. நீங்கள் போட்டிருப்பதும் அப்படித்தான். தோள் அரை அங்குலம் வெளியே நிற்கிறது. குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டது.

நான் படித்தது வணிகவியல். தையல் நானாகக் கற்றுக்கொண்டது. அலுவலகத்தில் பிளேசர் கட்டாயம் என்றார்கள். வாங்கியதைப் போட்டுக்கொண்டு போனால், அப்பா சட்டையை மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருக்கிறேன் என்று சிரித்தார்கள். அதையே வீட்டில் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். உள்ளே கேன்வாஸ், தோளில் பஞ்சு, எல்லாவற்றையும் மூடுகிற லைனிங். வெளியே தெரிவது பாதிதான். பின்னறையில் மெஷின் வாங்கிப் போட்டேன். சில துணிகள் பாழாயின. பிறகு பிடிபட்டுவிட்டது. சிரித்தவர்களே யாரிடம் தைத்தது என்று விசாரித்தார்கள்.

என் மனைவிக்குப் பெருமை. "ஆபீசர் மாப்பிள்ளைன்னு சொல்லிக் கட்டி வெச்சாங்க. பார்த்தா டெய்லரு," என்பாள். "நல்லதாப் போச்சு. ஆபீஸ் கைவிட்டாலும் ஊசி கைவிடாது." அப்போதெல்லாம் நன்றாகப் பேசுவாள்.

அவளுக்கு ஒரு பெரிய நிறுவனத்தில் வரவேற்பு வேலை கிடைத்தது. நேர்முகத்தின்போது நான் கீழே காத்திருந்தேன். லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். யாரோ ஒருவர் அவளுக்காகக் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். லேசாகத் தலையசைத்துவிட்டு நடந்தாள். அந்த நடையை நான் வீட்டில் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் பழைய நடைக்கு வந்துவிட்டாள்.

சேரும் நாளன்று கருநீலப் பிளேசரில் வரச் சொல்லியிருந்தார்கள். நானே தைத்துத் தருகிறேன் என்றேன்.

முதல் ட்ரையலில் பொத்தான் எட்டவில்லை.

"உள்ள துணி விட்டிருப்பீங்கல்ல, கொஞ்சம் பிரிச்சு விடுங்க," என்றாள்.

"துணி இல்ல. பிளேசர்ல விட்டா மேல தடிப்பாத் தெரியும். நீ கொஞ்சம் இளைச்சாப் போதும்."

"அப்போ தப்பு என் மேலதானா? சரி, பட்டினி கிடந்து பாக்கறேன். மயங்கி விழுந்தா நீங்கதான் தூக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

இருவரும் சிரித்தோம். அடுத்த ட்ரையலிலும் இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். அவளுக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்று தோன்றியது. சமையலறையை நான் எடுத்துக்கொண்டேன். அலமாரிச் சாவி என் பையில் இருந்தது. வேகவைத்த காய், ஒரு கிண்ணம். கீழ்வீட்டு அம்மா ஏதாவது கொடுத்தனுப்பினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நிறுவனத்துக்குப் போன் செய்து, மனைவிக்கு உடம்பு சரியில்லை, சேரும் நாளைத் தள்ளிவையுங்கள் என்றேன். அப்போது அது பொய்.

டேப்பை எடுத்தாலே அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பாள்.

"மூச்ச விடு."

"விட்டா கூடிடும்ங்க."

"விடுன்னு சொல்றேன்ல."

விடுவாள். அவள் நெஞ்சைச் சுற்றிய டேப் என் விரல்களுக்கிடையில் துடிக்கும். ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

அவள் தங்கை ஒருநாள் வந்தாள். வாய்த்துடுக்கு அதிகம். "என்னக்கா, சட்டை மாட்டற ஹேங்கர் மாதிரி ஆயிட்ட? மாமா, இவளுக்குச் சாப்பாடு போடறீங்களா, இல்ல போட்டோ எடுத்துக் காட்டறீங்களா?"

நான் சிரித்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளும் சிரித்தாள்.

"டயட்டுடி."

கிளம்பும்போது தங்கை அவள் கையை விடவில்லை. "எங்கூட வந்து ரெண்டு நாள் இரேன்கா." மனைவி மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள். பிளேசர் முடியட்டும், வருகிறேன் என்றாள். நான் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

பிறகு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். போனை எடுத்தது அவள்.

அன்று நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது மேசைமேல் பிளேசர் உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது. லைனிங்கைப் பிளேடால் பிரித்திருந்தாள். நூல் நுனிகளைக்கூடப் பொறுக்கி எடுத்திருந்தாள். வேலை சுத்தமாக இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நிற்பதற்காக.

"இங்க பாருங்க. துணி இல்லேன்னீங்க. உள்ள இவ்ளோ துணி இருக்கு." விரலை நகர்த்தினாள். "இதோ வரிசையா ஊசி ஓட்டை. இது முதல் தையல், பிரிச்சிருக்கீங்க. அதுக்கு உள்ள தள்ளி இன்னொண்ணு, அதையும் பிரிச்சிருக்கீங்க. இப்ப இருக்கறது மூணாவது. நான் இளைக்க இளைக்க நீங்க பிடிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க."

நான் பையை இறக்கி வைத்தேன்.

"முதல் தையல அப்படியே விட்டிருந்தா எனக்கு எப்பவோ சரியா இருந்திருக்கும். உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

நீங்களும் அதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறீர்கள். அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அளவு சரியாக வர வேண்டும்.

தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று, போனை மேசையில் வைத்துவிட்டு, தன் பையை எடுக்கப் பின்னறைக்குள் போனாள். நான் கதவைச் சாத்தி வெளியிலிருந்து பூட்டினேன். கோபம் எதுவும் இல்லை. அவள் நிதானமில்லாமல் இருந்தாள், அந்த நிலையில் தெருவில் நடக்க விடுவது சரியல்ல. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மெஷின் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டியிருந்தேன். ஆகவே அவள் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது. அவர்களைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

முதலில் தட்டினாள். பிறகு கதவோடு வாயை ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பேசினாள். இந்தப் பக்கம் காதை ஒட்டி வைத்தால்தான் கேட்டது.

"என்னங்க. நான் வேலைக்குப் போகல. சத்தியமாப் போகல. நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். கதவ மட்டும் தொறங்க. தங்கச்சி வீட்டுக்கும் போகல. எங்கயும் போகல."

விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாள். வேலையைப் பற்றி யார் பேசினார்கள்? நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அளவைப் பற்றி.

மறுநாள் காலை அலுவலகப் பயிற்சிக்காக நான் வெளியூர் போக வேண்டியிருந்தது. போகாமல் இருந்திருக்கலாம்தான். கிளம்பும் முன் கதவைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் வைத்தேன். மெஷினுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. தண்ணீரைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். டேப் என்று நினைத்தாளோ என்னவோ, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கையில் இருந்தது பூட்டு.

அக்கா ஏன் போனை எடுக்கவில்லை என்று தங்கை என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். தூங்குகிறாள் என்றேன். அடுத்தநாளும் கேட்டாள். அதையேதான் சொன்னேன். பயிற்சி நீண்டுகொண்டே போனது. என் பிளேசரை இரண்டு பேர் பாராட்டினார்கள்.

அவள் குரலில் தெரிந்த பயம் எனக்குப் புரியவில்லையா என்று கேட்டீர்கள். புரிந்தது. பயந்தவர்கள் அசையாமல் நிற்பார்கள். அளவெடுக்க அது வசதி.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். சொம்பு காலியாக இருந்தது. மற்றதை உங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். கருநீலப் பிளேசரை அவளாகப் போட்டுக்கொள்ளவில்லை. லைனிங்கை மறுபடி தைத்து நான்தான் போட்டுவிட்டேன். பொத்தான் எல்லாம் சிரமமில்லாமல் ஏறின. சொல்லப்போனால் தொளதொளவென்று இருந்தது. தங்கை வந்து கதவைத் தட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டை நிறுத்தியது நான். பூட்டியது நான். செத்துப்போவாள் என்று தெரியுமா என்றால், தெரியும். வெளியூரில் பல் தேய்க்கும்போதும் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போக வேண்டாம் என்று ஒரு தடவைகூட நான் அவளிடம் சொன்னதில்லை. நான் அப்படிப்பட்ட கணவன் இல்லை.