அமுக்கராப் பால்

டீ வேண்டாம் ஐயா, எனக்கு ஒத்துக்கிடாது. காலையில எப்பவும் பால்தான். என் பேரு சங்கரபாண்டியன், தாயில்பட்டிப் பக்கத்து வெடிக் கம்பெனியில பத்து வருசமா போர்மேன். சோலையம்மாளுக்குத் தினம் பால் கொடுத்தது நான்தான், எழுதிக்கோங்க.

அவ வெடிமருந்து செலுத்துற ரூம்ல வேலை பாத்தா. குழாய்க்குள்ள மருந்து போட்டா ஒரு சிட்டிகை கூடாது, குறையாது. அம்புட்டு சுத்தமான கை. போன சித்திரையில பக்கத்து ரூம் தீப்பிடிச்சு ரெண்டு பேரு போயிட்டாக. அன்னையிலருந்து அவளுக்குக் கை நடுக்கம். தூக்கமில்லை, சோறும் இறங்கலை.

"எனக்கு முடியலை அண்ணாச்சி. காரியாபட்டியில எங்க அக்கா வீட்டுக்குப் போயி களையெடுத்துப் பொழைச்சுக்கிடுதேன்"னா.

தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல நிக்குது. அவ போயிட்டா மொதலாளி என்னையத்தான கேப்பாரு? அவளைக் கட்டியா போட முடியும்? விருதுநகர் நாட்டு மருந்துக் கடையில அமுக்கராப் பொடி வாங்கியாந்தேன். அசதிக்கும் மனக்கலக்கத்துக்கும் நல்லாக் கேக்கும்னாக. கருப்பட்டி போட்டுப் பால்ல கலந்து கொடுத்தேன். பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் கேட்டுச்சு. தூங்கினா, சாப்பிட்டா. ஆனா காரியாபட்டிப் பேச்சை மட்டும் விடலை.

அதுக்கப்புறம்தான் என்னையப் பெத்த அய்யா மூட்டுவலிக்கு வச்சிருந்த அபினைக் கடுகளவு கரைச்சேன். போகப்போக மிளகளவு. அவகிட்டச் சொல்லலை, சொன்னா குடிப்பாளா? பாதியில நிறுத்தினா உடம்பு படுத்துரும்னு மட்டும் சொல்லி வச்சேன். ஒரு நா வீம்புக்குக் குடிக்காம இருந்து பாத்தா. மறுநா உடம்பெல்லாம் முறிச்சு, மூக்கு ஒழுகி, தம்ளரோட வந்து நின்னா.

"நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. இனிமே நான் எங்கிட்டுப் போவேன்?"னா.

எனக்கே பாவமா இருந்துச்சு. கூடக் கொஞ்சம் கருப்பட்டி போட்டேன். அதோட கை நடுக்கம் போயே போச்சு, ஊருக்குப் போற பேச்சும் நின்னுருச்சு.

அந்த ரூமுக்கு ரெண்டு பக்கமும் வாசல் இருக்கும் ஐயா. மருந்து பத்திக்கிட்டுச் சுர்ருன்னு ஒரு சத்தம் கேட்டா, என்ன ஏதுன்னு பாக்காம ஓடிரணும். புதுசா வர்றவுகளுக்கு நான் முதல்ல சொல்லிக் கொடுக்கிறதே அதுதான். செவ்வாய்க்கிழமை சத்தம் கேட்டதும் மத்த மூணு பேரும் ஓடிட்டாக. இவ எந்திரிக்கலை. "ஏ தாயி, ஓடு ஓடு"ன்னு வாசல்ல நின்னு கத்துனேன். திரும்பிப் பாத்துச் சிரிச்சா. அப்புறம் கையில இருந்த குழாயைப் பதறாம வரிசையில வச்சா.

பயம் இருந்தவுக பொழைச்சுக்கிட்டாக. இவ பயத்தை நான் எடுத்துட்டேன். கொன்னது நான்தான், அதையும் எழுதிக்கோங்க.

அவ அக்கா வந்தா ஒண்ணு மட்டும் சொல்லணும் ஐயா. கடைசி மூணு மாசம் உங்க தங்கச்சிக்கு ஒரு கவலையும் இல்லை, நான் அவளை அம்புட்டு நல்லா வச்சிருந்தேன்னு.