ரெண்டாங்கட்டு அடுப்பு

— பேச வச்சுட்டியே மெய்யம்மை. இன்னைக்கு மௌனம் போச்சு.

— நான் எங்கே பேச வச்சேன்? நீங்கதேன் மெய்யம்மை, மெய்யம்மைன்னு வளவு முத்தம் பூராவும் கூப்புட்டுக்கிட்டு வாரீக. நான் பாட்டுக்கு வளவுக்குப் பின்னால இங்குட்டு ரெண்டாங்கட்டுல உக்காந்து பால் காய்ச்சிக்கிட்டு இருக்கேன்.

— அடுப்படியில போயிப் பாத்தா ஆளைக் காணோம். லைட்டுக்கூடப் போடல. மனுசன் பதற மாட்டானா? எந்திரிச்சு முதல் ஒரு மணி நேரம் வாயத் திறக்கக் கூடாதுன்னு உதயகுமார் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான்.

— ஆமாமா, உதயகுமாரு. ரிட்டயர் ஆனவுகளை எல்லாம் காரைக்குடியில ஒரு மண்டபத்துல கூட்டி வச்சு, காலையில எப்படி எந்திரிக்கிறதுன்னு வகுப்பெடுத்த பையன். அவன் வந்து சொல்ற வரைக்கும் நாமெல்லாம் மத்தியானந்தேன் எந்திரிச்சோமாக்கும்.

— கேலி வேண்டாம். பாயிண்டுக்கு வா. இந்த அடுப்பு எப்படி இங்குட்டு வந்துச்சு?

— தோட்ட வேலைக்கு வர்ற கோட்டைச்சாமிதேன் நேத்துச் சாயந்தரம் தூக்கியாந்து வச்சாரு. சிலிண்டரையும் அவருதேன் மாட்டிக் குடுத்தாரு. நீங்க அதுக்குள்ள படுத்துட்டீக. விளக்கு வைக்கும்போதே படுத்தாத்தானே வெள்ளன எந்திரிக்க முடியும்.

— அங்குட்டு அவ்வளவு பெரிய அடுப்படி இருக்கு. புகை போக்கி எல்லாம் புதுசா மாட்டி வச்சிருக்கு. இங்குட்டு எதுக்கு இன்னொரு அடுப்பு?

— வேறு போயாச்சு.

— என்னது?

— வேறு போயாச்சுன்னேன். அந்த அடுப்படியில இனிமே எனக்கு ஜோலி இல்ல.

— உனக்கு என்ன, புத்தி பிசகிப்போச்சா? மகனுக்குக் கல்யாணம் ஆயிட்டா, அரிசி பருப்புச் சாமானெல்லாம் குடுத்து, இதே வீட்டுக்குள்ள தனி அடுப்பு மூட்டி வேறு வைப்பாக. இனிமே உங்க சமையல் உங்களுக்குன்னு. அது நம்ம முறை. கட்டுன பொண்டாட்டி ராத்திரியோட ராத்திரியா அடுப்பத் தூக்கிக்கிட்டு வேறு போறது எந்த ஊரு முறை?

— முறையெல்லாம் நீங்க ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி. இப்பத்தேன் புது முறை கொண்டாந்திருக்கீகள்ல. எந்திரிச்ச உடனே ஒரு சொம்பு வெந்நீர். அப்புறம் மௌனம். அப்புறம் கையக் கால ஆட்டுறது. அப்புறம் உக்காந்து எழுதுறது. அப்புறம் அம்புட்டையும் போட்டோப் புடிச்சு அந்த வகுப்புக் குரூப்புல போடுறது. இதுல நான் எங்க வாரேன்?

— நீயுந்தேன் கூட உக்காருற. உன் உடம்புக்கும் நல்லதுன்னுதானே உன்னையச் சேத்தேன்.

— எனக்கு முட்டி வலிக்குது. வலிக்குதுன்னு சொல்லக்கூட உங்க மௌனம் விடல.

— சைகையில சொல்லலாமுல்ல.

— சைகையப் பத்தி நீங்க பேசாதீக. அன்னைக்கு என் கால்கிட்ட தேள் ஊந்துக்கிட்டுப் போகுது. எதுக்க உக்காந்து நீங்க கையக் கீழயும் மேலயும் ஆட்டுறீக. நான் இது என்னமோ புது எக்சர்சைஸுன்னு நெனச்சு, நானும் கூடச் சேந்து ஆட்டுறேன்.

— கொட்டலேல்ல?

— கொட்டல. ஐயோ பாவம்னு அதுவே ஒதுங்கிப் போயிருச்சு. தேளுக்கு இருந்த இரக்கம் உங்களுக்கு இல்ல. ஒரு வார்த்தை, தேளுன்னு ஒரே ஒரு வார்த்தை, சொன்னா என்ன குறைஞ்சிரும்?

— தப்புத்தேன். ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதல் நாள்ல இருந்து தொடங்கணும்னு வகுப்புல சொல்லியிருந்தாக. அந்த நெனப்புலயே இருந்துட்டேன். நீ அங்குட்டுப் போனதுக்கு அப்புறம் மூலை மூலையா அந்தத் தேளைத் தேடுனேன், தெரியுமா?

— எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தானே. கேக்குதா, உங்க போனு அங்குட்டுக் கெடந்து அலறுது.

— எக்சர்சைஸ் நேரம் வந்துருச்சு. இரு, அதை அமத்திட்டு வாரேன்.

— வேட்டி தடுக்கப்போகுது, மெதுவாப் போங்க.

— அமத்திட்டேன். இப்பச் சொல்லு. கோவம் போச்சா?

— முதல்ல ஒரு இடத்துல நில்லுங்க. வாசப்படியில ஒரு கால், வளவுல ஒரு கால். உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்கே காலு பரபரங்குது. ஆடுன காலும் பாடுன வாயும் சும்மா இருக்காதும்பாக, சரியாத்தேன் இருக்கு.

— நிக்க முடியலையே, நான் என்ன செய்ய? பேங்குல இருந்தப்ப நான் கண்ணு முழிக்கும்போதே போன் அடிச்சுக்கிட்டு இருக்கும். எதுக்காச்சும் யாராச்சும் என்னையத் தேடுவாக. இப்ப முழிச்சா வீடு கம்முனு கெடக்கு. வெறும் தூணு தூணா நிக்குது. இன்னைக்கு நீ இதைச் செய்யணும், நீ இல்லாட்டி ஆகாதுன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. பயமா இருக்கு மெய்யம்மை. அதுனாலதேன் அலாரம் வச்சுக்கிட்டு ஓடுறேன். அது அடிச்சா யாரோ கூப்புடுற மாதிரி இருக்கு.

— இத்தனை நாளா இதை என்கிட்டச் சொல்லலையே.

— எப்பச் சொல்றது?

— அதைத்தேன் நானும் கேக்குறேன். எப்பச் சொல்றது? மெட்ராசுல இருந்தப்ப காப்பியக்கூட நின்னுக்கிட்டேதேன் குடிப்பீக. நான் எதையாச்சும் ஆரம்பிச்சா, பாயிண்டுக்கு வா, நேரமாச்சும்பீக. சரி, ரிட்டயர் ஆகட்டும், கோட்டையூருக்குப் போயி ஆற அமர உக்காந்து பேசிக்கிருவோம்னு சேத்து வச்சுக்கிட்டே வந்தேன். வந்து பாத்தா, நீங்க மௌனத்தைப் படிச்சுட்டு வந்து நிக்கிறீக. எனக்கு அழுகையா வந்துச்சு. அழுதாலும் சத்தம் வரக் கூடாதேன்னு அடக்கிக்கிட்டேன்.

— அப்படி என்ன பேசணும்? முக்கியமான விசயம்னா நான் நிறுத்திட்டுக் கேக்க மாட்டேனா? நம்ம சௌபர்ணிகா விசயமா? மாப்பிள்ளையோட ஏதும் மனத்தாங்கலா?

— மக நல்லாத்தேன் இருக்கா. மருமகனும் நல்லாத்தேன் இருக்காரு. விசயம்னு ஒண்ணும் இல்ல.

— பின்னே?

— விசயம் இல்லாமப் பேசணும். ஒரு கனாக் கண்டேன். எங்க ஊரு கண்டரமாணிக்கம் போறதுக்கு டவுன் பஸ்ஸுல ஏறுறேன், டிரைவர் இல்லாமலே அது பாட்டுக்கு ஓடுது. இதுல பாயிண்டுமில்ல, ஒண்ணுமில்ல. ஆனா முழிச்ச உடனே யார்கிட்டயாச்சும் சொல்லணும்ல? சொல்லிட்டா அதோட போயிரும். சொல்லாட்டி நாள் பூராவும் கூடவே வருது.

— டிரைவர் இல்லாம எப்படி ஓடும்? கண்டக்டராச்சும் இருந்தாரா?

— இருந்தாரு. அவரும் வாயத் திறக்கல.

— சரி, பஸ்ஸு ஊருக்குப் போயிச் சேந்துச்சா, இல்லையா?

— அதுக்குள்ள உங்க அலாரம் அடிச்சிருச்சே. இப்பவும் அடிக்குது, கேளுங்க. எழுதுற நேரமாக்கும். போங்க.

— எழுதிப் போடலைன்னா, காசிவிஸ்வநாதன் சார் இன்னைக்கு என்ன ஆனாருன்னு குரூப்புல கேப்பாக.

— போங்கன்னுதானே சொல்றேன். நான் ஒண்ணும் மறிக்கல.

— நீ இப்படி உக்காந்திருக்கும்போது நான் போயி என்னத்தை எழுத? பொண்டாட்டி வேறு போயிட்டான்னா? பக்கத்து வீட்டு விசாலம் ஆச்சி காதுக்கு எட்டுனாப் போதும், பொழுது விடியிறதுக்குள்ள ஊரு பூராவும் சேதி போயிரும்.

— போகட்டும்.

— காப்பி வாசம் இங்குட்டு இருந்து வரும். நான் அங்குட்டு ஒத்தையில உக்காந்து வெந்நீர் குடிக்கணும். அப்படித்தானே?

— வெந்நீர் குடிக்கச் சொல்லி நான் சொல்லல. உங்க உதயகுமாருதேன் சொன்னான்.

— சரி, நடக்கட்டும். உன்னையக் கெஞ்சிக்கிட்டு நிக்க மாட்டேன். நானே போயிக் காப்பி போட்டுக்கிறேன். தூளு எந்த டப்பாவுல இருக்கு?

— தூளு இங்கதேன் இருக்கு.

— சீனி?

— அதுவும் இங்கதேன். உங்க டம்ளரும் டவராவும் இங்கதேன் இருக்கு.

— என் டம்ளர் எதுக்கு இங்க வந்துச்சு? வேறு போனது நீதானே?

— நம்ம வீடுகள்ல ஒத்த ஆளை என்னைக்காச்சும் வேறு வச்சிருக்காகளா? புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேத்துத்தேன் வேறு வைப்பாக. அந்தப் போனு பெரிய வீட்டுல கெடந்து அலறட்டும், நீங்க உக்காருங்க.