எட்டு நிமிடங்களைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அக்காவுக்கு

பயண நிகழ்ச்சிக்குப் பாதை வகுத்தவரே! பதற்றத்தைத் தாங்கள் விழுங்கிப் பக்குவத்தை எங்களுக்குப் பரிமாறியவரே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் எங்கள் தயாரிப்பாளர் அக்காவே! வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை தாங்கள் எடிட்டிங் அறைக் கதவைத் திறந்தாலே எங்கள் கைகள் தானாக வேகமெடுக்கும். "சாப்டீங்களா?" என்றுதான் கேட்பீர்கள், எங்கள் காதில் "முடிச்சீங்களா?" என்றே விழும். மாலை ஆறு மணி ஒளிபரப்பு ஒருநாளும் தவறியதில்லை. அதற்குத் தாங்கள் கொடுத்த விலை, காலைக்கு ஒன்றும் மாலைக்கு ஒன்றுமான இரத்த அழுத்த மாத்திரைகள்.

களத்தில் தங்கள் சட்டம் ஒன்றே: படம் பிடித்த மெமரி கார்டு மேல்சட்டையின் இடப் பையில், காலிக் கார்டு வலப் பையில். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், வெள்ளம் புரண்ட ஆற்றைப் படகில் கடந்த நாளில் அந்தச் சட்டம் மீறப்படவில்லை, தலைகீழானது. நம் ஒளிப்பதிவாளர், மழையில் நனைந்த மேல்சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இடப் பை வலப்பக்கம் போனதை மறந்தார். ஆறும் படகும் படகுக்காரரின் பேச்சும் இருந்த கார்டைக் காலியென்று எண்ணி அழித்து, அதன்மேலேயே சாலையைப் படம் பிடித்தார்.

வெள்ளி காலை பதினொரு மணிக்கு எங்களுக்குத் தெரிந்தது. நிகழ்ச்சியில் எட்டு நிமிடம் இல்லை. ஒளிப்பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை. தாங்களோ, "யாரு தப்புன்னு அப்புறம் பேசலாம். மொதல்ல ரோடு ஷாட்ட எல்லாம் எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு, எழுதி வைத்த தாள் எதுவுமின்றி ஒலிப்பதிவு அறைக்குள் போய்விட்டீர்கள்.

"இருபது வருஷமா ஊர் ஊரா போறேன். எங்கயும் கடிகாரத்தத்தான் பாத்தேன். அந்தப் படகுக்காரர் கேட்டாரு, 'இவ்ளோ தூரம் வந்துட்டு ஏம்மா ஆத்தப் பாக்கவே இல்ல?'ன்னு." வெறும் சாலைக் காட்சிகளின்மேல் தங்கள் குரல் ஓடியது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு நிகழ்ச்சியை அனுப்பிவிட்டு, மாலை மாத்திரையை எங்களுக்குத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டீர்கள். நாங்கள் பார்த்துவிட்டோம், அக்கா.

திங்களன்று, காட்சி அழிந்தது பற்றி நிர்வாகத்தின் விசாரணை. ஒளிப்பதிவாளரின் ஒப்பந்தம் முடிய மூன்று வாரமே இருந்தது. "கார்டை மாற்றிக் கொடுத்தது நான்" என்று தாங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். அவர் வேலை நிரந்தரமானது. தங்களிடமிருந்து பயண நிகழ்ச்சி பறிபோனது. ஊர் ஊராய்த் திரிந்த தங்களை ஜன்னலில்லாத அறையில் உட்கார வைத்து ஒன்பதாண்டு ஒளிபரப்பு அட்டவணை போட வைத்தார்கள். உண்மை தெரிந்த நாங்கள் தினமும் அந்த அறையைத் தாண்டி, வாயை மூடிக்கொண்டு போய்வந்தோம். வெட்கமாக இருக்கிறது.

நேற்று இம்மடலைத் தங்களிடம் காட்டினோம். மேற்கண்ட பத்திகளைப் பேனாவால் அடித்து, "இதெல்லாம் வேணாம்ப்பா. மேடையில நிர்வாகி இருப்பாரு. கேமராத் தம்பிக்கு இன்னும் பதினஞ்சு வருஷ சர்வீஸ் இருக்கு" என்றீர்கள். எடுத்துவிட்டோம். இன்று காலை அந்தத் தம்பியே அச்சகத்துக்குப் போய், அடித்ததையெல்லாம் மீண்டும் சேர்த்து அச்சிட்டு வந்தார். இப்போது இம்மடலை ஒலிபெருக்கி முன் வாசித்துக்கொண்டிருப்பவர் அவரே.

மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களே, எங்கள் எழுத்துமூல விளக்கம் நாளை காலை தங்கள் மேசையில் இருக்கும். எந்த நடவடிக்கைக்கும் தயாராக இருக்கிறோம்.

அக்கா! முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் மாமாவோடு, நோய்நொடி அண்டாமல், நினைத்த ஊருக்கு நினைத்த நாளில் போய், நூறாண்டு நிறைவாய் வாழுங்கள்! எங்கள்மேல் கோபம் இருந்தால் திட்டிவிட்டுப் போங்கள்.

இவண்,
அழித்தவன்: ஒளிப்பதிவாளர்
அறிந்தும் வாய் திறவாதவர்கள்: தயாரிப்புப் பிரிவுப் பணியாளர்கள் பதினொருவர்