ஒரே நாற்காலிக்கு இரண்டு மருந்துகள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் மருந்தகச் சன்னலுக்குப் பின்னே நின்று, மருந்துச் சீட்டை வாசிக்கும் முன் மனிதரின் முகத்தை வாசித்த அம்மையீரே! மருத்துவர்களின் கிறுக்கலையும் கோபத்தையும் ஒருசேரப் பொறுத்த பெருந்தகையே! எங்கள் எல்லோருக்கும் ‘வேறென்ன’ அக்காவே! வணக்கம்.

அந்தப் பெயர் வந்த கதை புதியவர்களுக்குத் தெரியாது. “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? பையைக் கொட்டுங்க, பாப்போம்” என்று கேட்காமல் நீங்கள் எவருக்கும் மருந்து கொடுத்ததில்லை. ஒரு மருத்துவர் தூக்கத்துக்கும் இன்னொருவர் பதற்றத்துக்கும் எழுதிய இரண்டு மாத்திரைகள் மூளையில் ஒரே இடத்தில் வேலை செய்து மூச்சை அமுக்கவிருந்ததை, எத்தனையோ முறை அப்படித்தான் கண்டுபிடித்தீர்கள். வரிசை முணுமுணுக்கும்; நீங்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள்.

பழைய மருந்தகம் கண்முன் நிற்கிறது. துருப்பிடித்த அலமாரி, தும்மல் வரவழைக்கும் தூசு, இருந்த ஒரேயொரு நாற்காலி. மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் ‘ஏற்பி’ என்றால் என்னவென்று கேட்டால் அந்த நாற்காலியைத்தான் காட்டுவீர்கள். “மூளையில இப்படி ஒரு இடம். ரெண்டு மருந்துக்கும் அதே இடம்னா, கெட்டியா உக்காருறது வச்சதுதான் சட்டம். சிலது உக்காரும், தானும் வேலை செய்யாது, மத்ததையும் செய்ய விடாது” என்று சொல்லி, மேலாளரின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டுவீர்கள். எத்தனை சிரித்திருக்கிறோம் அங்கே! இன்று நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள்; அந்த நாள்கள் இனி இல்லை.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம். முதுகுவலி தாங்காமல், நெடுநேரம் வேலை செய்யும் மார்ஃபின் என்ற வலி மாத்திரையை மூன்று மடங்கு விழுங்கிவிட்ட தையல்காரரை மூச்சு அடங்கும் நிலையில் மகள் கொண்டுவந்தார். அதை முறிக்கும் மாற்று மருந்தை ஊசியில் போட்டதும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார், வார்டே கைதட்டியது. பணி மருத்துவர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். நீங்கள் வாசலில் வழிமறித்தீர்கள்.

“ஊசி மருந்து ஒரு மணி நேரத்துல எழுந்து போயிரும், டாக்டர். மார்ஃபின் இன்னும் உடம்புலயே சுத்திட்டிருக்கு. இடம் காலியானா மறுபடி அதுதான் வந்து உக்காரும்.”

நாற்பதாவது நிமிடம், பெஞ்சில் இருந்தபடியே அவர் தலை சாய்ந்தது. அடுத்த ஊசி உங்கள் கையில் தயாராக இருந்தது. அதன்பின் அவர் பதினோரு ஆண்டுகள் தைத்தார்.

‘மருத்துவர் சொன்னபடி கண்காணிப்பில் வைக்கப்பட்டார்’ என்று நீங்கள் பதிவேட்டில் எழுதினீர்கள். மருத்துவருக்குப் பாராட்டுக் கிடைத்தது, பதவியும் உயர்ந்தது. நீங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

குன்றாத உடல்நலத்தோடும் குறையாத குறும்போடும் நெடுங்காலம் வாழ்க, அக்கா! ஊழியர் அனைவரும் சேர்ந்து எழுதியது இவ்வளவே. இனி வருவது வாசிப்பவனின் வார்த்தை. இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போது தயவுசெய்து இதை வெட்டிவிடாதீர்கள்.

முன்வரிசையில் இருக்கும் தையல்காரரின் மகளே, இதை நீங்களும் கேட்க வேண்டும். உங்கள் அப்பாவை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவன் நான். போகவிடாதவர் இவர்.

இங்ஙனம்,
மருத்துவமனை ஊழியர்கள்,
அவர்களோடு, அன்றைய பணி மருத்துவனான இன்றைய கண்காணிப்பாளர்