வெளியே கை நீட்டாத பேக்கேஜ்

— அஞ்சே நிமிசம் நெட்ட விட்டுக்குடு ஹாஜரா. ஒரே ஒரு ஃபைலுதான் கேக்குது. எறங்குனதும் திரும்பப் பூட்டிக்க.

— இந்த மருந்துச்சீட்டு புரோகிராமு பில்டு ஆயி முடியிற வரைக்கும் நெட்டு கெடையாது மச்சான். போன தடவ நீங்க பண்ணுன கூத்து போதும்.

— நா என்ன பண்ணேன்? கேபிளப் புடுங்கிட்டுத்தானே பில்டு போட்டேன்.

— கேபிளப் புடுங்குனீங்க. சட்டப்பையில இருந்த போனு தன்னால கனெக்ட் ஆயி, கேட்டதெல்லாம் எறக்கிக் குடுத்துருச்சு. இங்க ஜம்முன்னு முடிஞ்சது, உங்க தங்கச்சி லத்தீபா கிளினிக்குல போயி படுத்துக்கிச்சு.

— அதுக்குன்னு போனப் புடுங்கி லப்பெட் ஊறுகா டின்னுல போட்டு வைப்பியா? இனி யாரு பேசுனாலும் தேயில வாசந்தான் வரும்.

— வந்தா வரட்டும். லத்தீபா ஊருல நெட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அங்க கெடக்குற பழைய மிசினுலயேதான் பில்டு போட்டாகணும். நடுவுல நின்னுக்கிட்டு அது ‘டவுன்லோடு பண்ணு’ன்னா அவ எங்க போவா? மருந்துச் சீட்ட எல்லாம் கையால எழுதி வெரலு வீங்கிப்போச்சுன்னு படகுக்காரருகிட்ட சொல்லி விட்டிருக்கா.

— தெரியும் புள்ள. சாயங்காலம் க்யிம்யிண்டைங் படகுத்தொறையில படகு கெளம்பிரும். விட்டா அடுத்த வாரந்தான். அதான் கெஞ்சுறேன். நீ வேணா கீழ போயி ரெண்டு டீ வாங்கிட்டு வாயேன்.

— என்னய அனுப்பிட்டு டின்னத் தொறக்கவா? அது என்ன ஃபைலுன்னு மொதல்ல பாருங்க.

— பர்மா எழுத்து ஃபான்டு. சீட்டுல மருந்து பேரு அடிக்க.

— ரங்கூன்ல ஒக்காந்துக்கிட்டு, பர்மா எழுத்துக்கு ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டு வாசல்ல போயி நிக்க வச்சிருக்கீங்களா?

— சிரிக்காத. எழுதுன அன்னிக்கு நெட்டு நல்லா வந்துச்சு, யோசிக்கல. இரு, அந்த ஃபான்டு நம்ம மிசினுலயே கெடக்கு. பேக்கேஜுக்குள்ளயே வச்சிட்டேன். திரும்ப ஓட்டுறேன்.

— என்ன, மூஞ்சி சுருங்குது?

— இப்ப தேதி போடுற லைப்ரரி ஃபைலக் கேக்குது.

— அது போன வருசத்து டிஸ்க்குல இருக்குமே.

— இருக்கு. வச்சாச்சு. ஓடுது. பேசாத ஹாஜரா, மூச்சு விடாத. முடிஞ்சிருச்சு. வெளிய ஒரு எடத்துக்கும் கை நீட்டல.

— மாஷா அல்லா. பென்டிரைவுல ஏத்துங்க. எனக்கு இப்பத்தான் வயித்துல பால் வாத்த மாதிரி இருக்கு.

— ஏத்துறேன். ஆனா மனசு ஆறல. காலையிலேர்ந்து எத்தன வாட்டி கெஞ்சுனேன்? ஒரு வாட்டியாச்சும் நெட்டத் தொறந்து விட்டியா, கல்நெஞ்சுக்காரி?

— நா எங்க மச்சான் பூட்டுனேன்? காலையிலேர்ந்து நம்ம தெருவுக்கே நெட்டு லைனு இல்ல.