ஜெபத்தை நிறுத்துங்க

"ஓடுங்கக்கா! லெட்சுமிக்கா, வெளிய ஓடுங்க!"

கத்துகிறேன். என் கால் ஓடவில்லை. கையில் அரிசிப் பை. வாசல் கைக்கெட்டும் தூரம். அதற்குள் மலை வந்துவிட்டது.

சத்தத்தைச் சொல்கிறேன். முதலில் லொறியில் இருந்து கல் கொட்டுகிற சத்தம். நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு மேலே, தேயிலை மலைப் பக்கம். பிறகு மரம் முறிகிற சத்தம். ஒன்று. இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. பிறகு தகரம் கிழிகிற சத்தம். அது எங்கள் கூரை. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. காதுக்குள் சேறு போயிருந்தது.

எழுந்திருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே என் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கையைத் தூக்கினால் தகரம் இடிக்கிறது. ஒரு பக்கம் அடுப்பு மேடை. தகரம் அதன்மேல்தான் சாய்ந்து நிற்கிறது. மறுபக்கம் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் லெட்சுமிக்கா குடியிருக்கிற காம்பரா. வெளியே பகல். உள்ளே கும்மிருட்டு.

வாயைத் திறக்கிறேன். "இயேசப்பா! இயேசப்பா!"

இது அப்பா பழக்கியது. நான் வன்னியில் வளர்ந்தவள். கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிய குடும்பம் எங்களுடையது. போன இடத்திலும் ஓட்டம்தான். கடைசி யுத்தம் நடக்கும்போது நான் வளர்ந்த பெண். பங்கருக்குள் குந்தியிருக்கிறோம். தூரத்தில் டொம் என்று கேட்கும். அது ஷெல் கிளம்புகிற சத்தம். பிறகு கூவிக்கொண்டு வரும். கூவல் நின்றால் விழப்போகிறது. அப்பா கத்துவார். "வாயத் தொற! சத்தமா ஜெபம் பண்ணு!" வாய் மூடியிருந்தால் காது கிழிந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பாவுக்குக் காதும் பிழைக்க வேண்டும், ஆத்துமாவும் பிழைக்க வேண்டும். நான் தொண்டை கிழியக் கத்தினேன். பிழைத்தேன். அப்பா தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செத்துப் போனார். அப்போது அவர் வாய் திறந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாடம் மட்டும் என்னிடம் நின்றுவிட்டது. கத்தினால் கர்த்தர் கேட்பார்.

மலை இறங்குவதில் டொம் கிடையாது. கூவல் கிடையாது. பதுங்க நேரம் தராது. யுத்தமாவது கொஞ்சம் தந்தது.

யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து விட்டபோது எனக்கு இருந்த ஒரே சொந்தம் அத்தை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். அங்கே வந்தேன். கொழுந்து எடுக்கப் பழகினேன். சாமுவேலைக் கட்டினேன். அவர் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஊழியம். லயத்துக்கு ஒதுங்கலாகப் பாறை மேட்டில் ஒரு ஜெப வீடு கட்டினார். சின்னதுதான். ஆனால் அதிலிருந்து வருகிற சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும். நாங்கள் அப்படித்தான் ஜெபிப்போம். அடுத்த காம்பரா லெட்சுமிக்கா மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறவர். "எஸ்தரு, உங்க சாமிக்குக் காது மந்தமா?" என்று கேட்காத நாள் கிடையாது.

எங்கள் லயம் வெள்ளைக்காரன் கட்டியது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. அது கூரை வரைக்கும் போகாது. அக்காவும் நானும் அந்த இடைவெளியால்தான் குடித்தனம் நடத்தினோம். தீப்பெட்டி வேண்டுமென்றால் மேலால் எறிவார். ரொட்டி சுட்டால் நான் கொடுப்பேன். சண்டையும் அதே வழியாகத்தான்.

அன்றைக்குக் கார்த்திகை மழை. நாள்கணக்காக விடவில்லை. லயத்துக்குப் பின்னால் வடிகானில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. லயத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. றோட்டு உடைந்து கிடந்தது. பாறை மேட்டு ஜெப வீடுதான் ஒரே இடம். எல்லோரும் போனோம். அக்கா வரவில்லை. கொழுந்து மலையில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியிருந்தது. நான் கூப்பிட இறங்கினேன்.

"உங்க ஜெப வீட்டுக்குள்ள வந்தா ஞானஸ்நானம்னு தண்ணியில முக்கிட்டுத்தான் வெளிய விடுவீங்க," என்றார் அக்கா. "இந்த மழைக்கு அது வேற வேணுமா?"

"முக்க மாட்டோம். சோறு போடுவோம். வாங்க."

சிரித்தார். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். அதற்குள் ஜெப வீட்டில் சமைக்க அரிசி எடுத்துவிடலாம் என்று நான் என் காம்பராவுக்குள் போனேன். அப்போதுதான் அந்தக் கல் கொட்டுகிற சத்தம்.

இப்போது சேற்றுக்குள் கிடக்கிறேன். ஜெபிக்கிறேன். தெரிந்த சங்கீதம் எல்லாம் சொல்கிறேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். நிறுத்தினால் செத்துவிடுவேன் என்று பயம். அவ்வளவுதான் என் விசுவாசம். அதை விசுவாசம் என்று சொல்லவே எனக்கு இப்போது கூசுகிறது. பயத்துக்குச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம்.

"எஸ்தரு!"

"அக்கா! உயிரோட இருக்கீங்களா?"

"செத்தவ பேசுவாளா? கால்ல மாட்டிருக்கு. கால்ல மட்டுந்தான். நீ எப்படி?"

சொன்னேன். மறுபடி ஜெபிக்கத் தொடங்கினேன். அவருக்கும் சேர்த்து. இன்னும் சத்தமாக. எவ்வளவு நேரம் என்று தெரியாது. குரல் கரகரத்தது. பிறகு காற்றுதான் வந்தது. காற்றாலும் ஜெபித்தேன். சேறு மெல்ல மெல்ல ஏறுகிறது. இடுப்பில் இருந்தது. விலாவுக்கு வருகிறது. குளிர் எலும்புக்குள் போகிறது. தகரத்தின் மேல் ஒரு பாரம் நகர்கிற சத்தம் கேட்கிறது. கர்ர்ர். நிற்கும். கர்ர்ர்.

வெளியே என்ன நடந்தது என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். ஆண்கள் மம்பட்டியோடு இறங்கியிருக்கிறார்கள். கிடைத்த இடத்தில் எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். என் குரல் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும் யாரும் திரும்பவில்லை. மேலே ஜெப வீட்டில் சனம் எல்லாம் எனக்காகக் கதறி ஜெபித்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவர் என் வீட்டுக்காரர். சேற்றுக்குள்ளிருந்து வந்த ஸ்தோத்திரத்தையும் மேலிருந்து வருகிற ஸ்தோத்திரம் என்றே நினைத்துவிட்டார்கள். வேறு லயத்தில் இந்தத் தவறு நடந்திருக்காது. எனக்காக ஜெபித்த சத்தத்துக்குள்ளேயே நான் தொலைந்து கிடந்தேன்.

முத்தம்மாதான் ஆண்களை நிறுத்தியிருக்கிறாள். எங்கள் கொழுந்து கூட்டத்தில் தேயிலைச் செடிகளின் முதல் நிரை அவளுடையது. பனிமூட்டம் இறங்கினால் மலையில் பக்கத்து ஆள் தெரியாது. அப்போது ஆளுக்கொரு நிரையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி ஊ என்று கூப்பிடுவாள். அடுத்தவள் பதில் கொடுப்பாள். பதில் வராவிட்டால் எல்லோரும் நிற்போம். அதே மாதிரி பெண்களை லயம் இருந்த இடத்தில் வரிசையாக நிறுத்தினாள். கூப்பிடு. நில். கேள். ஓர் அடி இறங்கு. ஆனால் கேட்க முடியவில்லை. மேலே ஜெபம்.

சேறும் நீருமாக ஜெப வீட்டு வாசலில் போய் நின்று கத்தினாளாம். "ஐயா! ஜெபத்த நிறுத்துங்க!"

உள்ளே இருந்தவர்களுக்குக் கோபம் வந்தது. பிசாசு பேசுகிறது என்று ஒருவர் சொன்னாராம். என் வீட்டுக்காரர் நின்றார். அவர் என்னிடம் பிறகு சொன்னது இது. "ஒன்னக் கையால பிடிச்சிட்டிருக்கேன், இவ விடச் சொல்றான்னு தோணுச்சு." பிறகு கையை உயர்த்தினார். சபை வாயை மூடியது.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் முனகிக்கொண்டே இருக்கிறேன். அக்கா சுவரை ஓங்கித் தட்டினார்.

"எஸ்தரு! வாய மூடு! ஆளுக கூப்புடுறது கேக்குது. நீ விட்டாத்தானே!"

"ஜெபம் பண்றேங்க்கா."

"ஒங்க சாமிக்குக் கேட்டாச்சு. அவரு என்ன சொல்றாருன்னு கேளு. மூடு!"

மூடினேன்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாயை மூடினால் பங்கர் நினைவுதான் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மழைச் சத்தம் கேட்டது. என் மூச்சு கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் மூச்சு கேட்டது. பயம் இருந்த இடத்தில் பயம் இல்லை. காப்பாற்றப்படுவேன் என்று தோன்றவில்லை. சாவேன் என்றும் தோன்றவில்லை. இரண்டும் கர்த்தருடைய பாடு என்று விட்டுவிட்டேன். கத்தாமலே அவர் என் பக்கத்தில் இருந்தார். இத்தனை வருஷம் நான் கத்தியது அவர் போய்விடக் கூடாதே என்றுதான் போலிருக்கிறது. அவர் எங்கேயும் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல் அழுதேன்.

மேலே சபை வாயை மூடியதும் கீழே நான் மூடியதும் ஒரே நேரமா என்று கேட்கிறார்கள். தெரியாது. தெரிந்த மாதிரி சொல்ல மாட்டேன்.

பிறகு கேட்டது. தூரத்தில், மேலே. "ஊ...!"

பதில் கொடுக்க வாயைத் திறந்தேன். குரல் இல்லை. எல்லாவற்றையும் செலவழித்துவிட்டேன். மறுபடி "ஊ...!" அது தள்ளிப் போகிறது. நான் தகரத்தைக் கையால் அடித்தேன். சேறு சத்தத்தை விழுங்கிவிட்டது.

அப்போது அக்கா பதில் கொடுத்தார். முப்பது வருஷம் மலையில் கூப்பிட்ட குரல். "ஊ...!" நீளமாக. மறுபடியும். மறுபடியும்.

மேலே பெண்களின் நிரை நின்றது.

"இங்க! இங்கதான்! வெட்டுங்க!" முத்தம்மாவின் குரல்.

மம்பட்டிச் சத்தம். டக். டக். மண்ணில் படுகிற சத்தம். பிறகு தகரத்தில் படுகிற சத்தம். ஒரு ஓட்டை. சாம்பல் நிற வெளிச்சம். அதில் முத்தம்மாவின் முகம். யாரை முதலில் எடுப்பது என்று மேலே பேச்சு. ஆள் போதாது. இரண்டு பக்கமும் வெட்ட முடியாது.

"அவள மொதல்ல எடுங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார் அக்கா. "எனக்குக் கால் மட்டுந்தான்!"

என்னை இழுத்தார்கள். வலியில் கண் இருட்டியது. வெளியே வந்ததும் ஒரு கம்பளியில் சுற்றினார்கள். நான் கம்பளியோடு உருண்டு சுவர்ப் பக்கம் போனேன். குரலே இல்லாமல் அக்கா, அக்கா என்றேன். எப்படிக் கேட்டதோ தெரியவில்லை.

"எஸ்தரு, போயி தேத்தண்ணி குடி. நான் வாறேன்."

என்னைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார்கள். என் வீட்டுக்காரர் இறங்கி ஓடி வருகிறார். என்னைத் தாண்டி மம்பட்டியை வாங்கிக்கொண்டு அக்கா பக்கம் போகிறார். வெட்டுகிறார். டக். டக். டக்.

பிறகு மேலே லொறியில் கல் கொட்டுகிற சத்தம்.

"மேல ஏறுங்க! விட்டுட்டு ஏறுங்க!"

ஏறினார்கள். என் வீட்டுக்காரரை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு ஏறினார்கள். சேறு மெதுவாகத்தான் வந்தது. மூடிக்கொண்டு போனது. ஜெப வீட்டு வாசலில் எல்லோரும் நின்று பார்த்தோம். ஒருவரும் ஜெபிக்கவில்லை. முத்தம்மா மட்டும் ஊ என்று கூப்பிட்டாள். நின்றோம். கேட்டோம்.

மறுநாள் அக்காவை எடுத்தார்கள். புதுச் சேற்றுக்குக் கீழே நெஞ்சு வரைக்கும் பழைய மண் இறுகியிருந்தது. முதல் சரிவிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறார். கால் மட்டும் என்றது பொய்.

கொழும்பில் கடையில் நிற்கிற மகன் வேலு வந்தான். றோட்டு இல்லை, நடந்தே வந்தான். அம்மா கடைசியாக என்ன சொன்னார்கள் என்று கேட்டான். தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்கள் என்றேன். அவன் அழுதான். நானும் அழுதேன். மாரியம்மன் கோயில் பூசாரியும் என் வீட்டுக்காரரும் ஒரே குழிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

கர்த்தர் உன்னைக் காப்பாற்றினார் என்று சபையில் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அப்படியானால் அக்காவை ஏன் விட்டார்? கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. வரும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். என்னோடு அவர் இருந்தார், அதற்கு நான் சாட்சி. சுவருக்கு அந்தப் பக்கமும் இருந்தார் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லாமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

மறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன். லயம் முழுதாகப் போனது. ஒரு காம்பராவும் மிஞ்சவில்லை. ராமையாவின் பசு போனது. என் இடது காலில் விரல்கள் போயின. என் வேதாகமம் போனது. அது சேற்றில் நனையாமல் கிடைத்தது என்று ஒரு கதை ஓடுகிறது. பொய். கிடைக்கவே இல்லை.

பசுவை அவிழ்க்கப் போன ராமையா. அவரைக் கூப்பிடப் போன அவர் மனைவி சின்னம்மா. லெட்சுமிக்கா. செத்தது மூன்று பேர்.

உயிரோடு எடுத்தது ஒருத்தியை. அது நான்.