நாலு இதழ்ச் செடி

— எதைப் பிடுங்கிட்டீங்கப்பா?

— அந்த நோஞ்சான் செடிங்களைத்தாம்மா. நாலே நாலு இதழ், சப்புனு இருந்துச்சு. மிச்சத்தைப் பாரு, சும்மா சொல்லக் கூடாது, எவ்ளோ அடுக்கு! எம் பொண்ணும் நீயும் ஆறு வருஷம் மல்லுக்கட்டின பூ இதுதானே?

— இதுதான். எத்தனை பிடுங்கினீங்க?

— பதினொண்ணு. பால்கனியில இடமே இல்ல. அவதான் போயிட்டா, அவ பூவாவது நல்லா வெயில் குடிக்கட்டும்னு பார்த்தேன். ஏம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— உக்காருங்கப்பா. நீங்க டெய்லர், உங்களுக்குப் புரியும். பூவுக்கும் ஒரு கட்டிங் உண்டு. வெளிய பச்சையா ஒரு சுத்து, அடுத்து இதழ், அப்புறம் மகரந்தம், நட்டநடுவுல விதைப்பை. எங்க எது வரணும்னு செடிக்குள்ள ஒரு உத்தரவு இருக்கு. இதுல அது பிசகிடுச்சு. மகரந்தம் வர்ற இடத்துல இதழ். விதைப்பை வர்ற இடத்துல இன்னொரு பூ.

— கை வைக்கிற இடத்துலயும் காலரைத் தச்ச மாதிரி.

— அதேதான்.

— பார்க்க ஜோரா இருக்கும். போட முடியாது.

— விதையே கட்டாதுப்பா இது.

— அப்போ இத்தனை வருஷம் விதை எங்கேருந்து வந்துச்சு?

— கூடப் பொறந்த நாலு இதழ்ச் செடியில இருந்து. அதுல மூணுக்கு ரெண்டு, இந்தப் பிசகை உள்ளயே வச்சிருக்கும், வெளிய காட்டாது. அது போடுற விதையிலதான் நாலுக்கு ஒண்ணு இப்படி அடுக்கா பூக்கும்.

— குப்பை வண்டி எடுத்துட்டுப் போயி ஒன்பது நாள் ஆச்சேம்மா... கிளை வெட்டி நட்டா வராதா?

— மூணு தடவை பார்த்தோம், வேரே விடல. ஆய்வுக்கூடத்துல இருந்த விதையும் முளைக்கல. அதான் இங்க ஓடி வந்தேன். இன்னும் ஒரே ஒரு தலைமுறை வளர்த்துக் காட்டியிருந்தா, கண்டுபிடிப்பு அவ பேர்ல அச்சாகியிருக்கும்.

— அவ பேர்ல.

— உங்க மேல தப்பில்லப்பா. அவ உங்ககிட்ட சொல்லி வச்சிருக்கணும்.

— சொன்னாம்மா. ஆஸ்பத்திரியில, போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. 'நாலு இதழை விட்டுடாதப்பா'ன்னா. மருந்து மயக்கத்துல மாத்திச் சொல்றான்னு நெனச்சேன். 'கவலைய விடுடா, அந்த சோப்ளாங்கியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு உன் அடுக்குப் பூவை ராணி மாதிரி வச்சுக்கறேன்'னேன்.

— அதுக்கு என்ன சொன்னா?

— அதுக்கு மேல பேச மூச்சு இல்ல அவளுக்கு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. சந்தோஷத்துல அழுறான்னு நெனச்சு நான் சிரிச்சேம்மா.